கிளினிக்குக்குப் போனால் பேர் போகும்: மலையகத்தின் சுகாதாரத்துக்கு யார் பொறுப்பு?

மலையகத் தோட்டமொன்றில் இன்றைக்குப் பிறக்கும் குழந்தை, அநேகமாக அரசாங்க வைத்தியசாலையில்தான் பிறக்கிறது. பிறகு போடவேண்டிய தடுப்பூசிகளும் ஏனைய மாவட்டங்களின் பிள்ளைகளுக்குப் போலவே முறையாகப் போடப்படுகின்றன. ஆனால் அந்தப் பிள்ளை வளர வளர நிலைமை மாறுகிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பெருந்தோட்டத் துறையை மட்டும் தனியாகப் பார்த்தால் அது 31.7 சதவீதம். ஒரே லயம் (தோட்டத்து வரிசை வீடு), ஒரே குடும்பம், ஒரே அரசாங்கம். தடுப்பூசியில் நாட்டோடு சமமாக நிற்கும் பிள்ளை உயரத்தில் மட்டும் ஏன் பின்தங்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குக் கருத்தரங்குகளிலும் அறிக்கைகளிலும் வழக்கமாக வரும் பதில் ஒன்று உண்டு. தோட்ட மக்களுக்கு விழிப்புணர்வு போதாது, ஆண்கள் குடிக்கிறார்கள், பெண்கள் சத்தான உணவு சமைக்கத் தெரியாதவர்கள், ரொட்டியும் தேநீருமே சாப்பாடு. இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. குடி பல குடும்பங்களைச் சிதைத்திருப்பதை மலையகத்தில் வாழும் எவரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் விழிப்புணர்வு இல்லாத தாய் எப்படித் தடுப்பூசிக்கு மட்டும் பிள்ளையைத் தவறாமல் தூக்கிக்கொண்டு வருகிறாள்? இதற்கு அந்த அறிக்கைகளில் பதில் கிடையாது.

என் பார்வையில் விடை மக்களின் பழக்கவழக்கங்களில் இல்லை, சேவை எப்படி வந்து சேருகிறது என்பதில் இருக்கிறது. தடுப்பூசி தோட்டத்துக்குள் வருகிறது. குடும்பநல உத்தியோகத்தர் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் இருக்கிறது. வராத பிள்ளையைத் தேடி அவர் லயத்துக்கே போகிறார். அங்கே யார் பொறுப்பு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மற்றச் சேவைகளில் பெரும்பாலானவை அப்படியில்லை. அவற்றுக்குப் போகவேண்டுமானால் ஒரு நாள் சம்பளத்தை விடவேண்டும். போகும் வழிப் பாதைக்கு ஒருவர் பொறுப்பு, மருந்துக்கு இன்னொருவர், தண்ணீருக்கு மூன்றாமவர், மூவரில் எவரும் மற்றவருக்குப் பதில் சொல்லவேண்டியதில்லை. இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ளாமல் இன்றைய புள்ளிவிபரங்களைப் படித்தால், குறை மக்களிடம் இருப்பதாகவே தோன்றும்.

சட்டம் முதலில் வந்தது தோட்டத்துக்குத்தான்

ஆரம்பத்தில் மருத்துவச் சேவை சட்டத்தால் உறுதி செய்யப்பட்டது கிராமங்களுக்கு அல்ல, தோட்டங்களுக்குத்தான். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் கொலராவும் காய்ச்சலும் பசியும் எத்தனையோ பேரைக் கொன்றன. பிழைத்து வந்தவர்களும் தோட்டங்களில் பெருந்தொகையாக மாண்டார்கள். அரசாங்கத்துக்கு நெருக்கடி கூடியது. 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. தோட்டப் பகுதிகள் மருத்துவ மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. செலவில் ஒரு பங்கு தோட்டங்களிடமிருந்து அறவிடப்பட்டது. 1912இல் இந்தச் சட்டம் புதுப்பிக்கப்பட்டு, தொழிலாளர் நோய்கள் பற்றிய இன்னொரு கட்டளைச் சட்டமும் சேர்ந்தது. லயங்களைச் சுத்தமாக வைத்திருப்பதும், நோயாளிக்கு மருந்து கிடைக்கச் செய்வதும், கடுமையான நோய் கண்டால் மாவட்ட வைத்தியருக்கு அறிவிப்பதும் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் கடமையாயின.

இதன் நோக்கம் கருணை அல்ல. கொழுந்து பறிக்க ஆள் வேண்டும், ஆள் சாகக்கூடாது. அதனால் தொழிலாளியின் உடம்பு தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விடப்பட்டது. இந்த ஒரு முடிவின் நிழல் இன்றுவரை நீள்கிறது. மலையகத்துச் சுகாதாரம் குடிமகனின் உரிமையாகத் தொடங்கவில்லை, வேலைக்காரரைப் பராமரிக்கும் செலவாகத்தான் தொடங்கியது. செலவு என்றால் அதைக் குறைக்கப் பார்ப்பதே கணக்கு வைத்திருப்பவரின் இயல்பு.

கொக்கிப்புழு ஒழிப்பு வேலை இதை நன்றாகக் காட்டியது. 1916 அளவில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் மாத்தளைத் தோட்டங்களில் கொக்கிப்புழுவுக்கு எதிரான வேலையைத் தொடங்கியது. தொழிலாளரை வரிசையில் நிறுத்தி மருந்து கொடுத்தார்கள். புழு போனது, சில மாதங்களில் திரும்பி வந்தது. மலசலகூடம் இல்லாத இடத்தில், வெறுங்காலோடு மலை ஏறும் மனிதருக்கு மருந்தால் மட்டும் என்ன செய்யமுடியும்? மலசலகூடம் கட்டுவதற்குத் தோட்ட முதலாளிகளிடம் அவ்வளவு ஆர்வம் இருக்கவில்லை. நோய்க்கு மருந்து கொடுப்பதோடு நின்றால் போதாது, மக்கள் வாழும் இடத்தின் சுகாதாரத்தையே கவனிக்க நிரந்தர ஆட்கள் வேண்டும் என்ற பாடத்தை அந்த அனுபவம் கற்றுக்கொடுத்தது. அதன் தொடர்ச்சியாக 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. சுகாதார வைத்திய அதிகாரி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மருத்துவமாது என்று இன்று நாடு முழுவதும் இருக்கும் அமைப்புக்கு அதுதான் வேர்.

மலையகத்துக்காரன் ஒருவன் இந்த வரலாற்றைப் படிக்கும்போது நெஞ்சு கனப்பது இந்த இடத்தில்தான். தோட்டங்களில் கற்ற பாடம் களுத்துறைக்குப் போய், அங்கிருந்து கிராமம் கிராமமாகப் பரவியது. தோட்டங்களின் வாசலில் மட்டும் பல பத்தாண்டுகள் நின்றுவிட்டது. உள்ளே துரை இருக்கிறார், டிஸ்பென்சரி இருக்கிறது, அது அவர்கள் வேலை என்று அரசாங்கச் சேவை வெளியிலேயே நின்றது.

வாக்கு இல்லாதவருக்கு ஆஸ்பத்திரி யார் கேட்பார்?

1951இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. அடுத்து வந்த காலத்தில் இலங்கை, குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் கண்ட நாடாக உலகத்துக்கு எடுத்துக்காட்டப்பட்டது. 1985இல் ரொக்பெல்லர் மன்றம் வெளியிட்ட ஆய்வில் கேரளா, சீனா, கொஸ்ரா ரிக்கா ஆகியவற்றோடு இலங்கையின் பெயரும் இருந்தது. இந்த வெற்றிக்குக் காரணம் தேடிய ஆய்வாளர்கள் பலர் ஒரு விடயத்தில் உடன்படுகிறார்கள். சர்வசன வாக்குரிமை 1931இலேயே வந்த நாடு இது. கிராமத்து வாக்காளருக்குப் பதில் சொல்லவேண்டிய அரசியல்வாதிகள் தத்தமது தொகுதிக்குப் பாடசாலையும் ஆஸ்பத்திரியும் கொண்டுவரப் போட்டி போட்டார்கள். இலவசச் சேவை சிற்றூர்வரை போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

அதே காலத்தில் மலையகத்தில் நடந்ததை இதன் அருகே வைத்துப் பாருங்கள். 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகளால் ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள். 1948 குடியுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் திருத்தச் சட்டமும் அந்த வாக்குகளை ஒரேயடியாகப் பறித்தன. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. யார் போவது, யார் இருப்பது என்று தெரியாமல் ஒரு சமூகமே பல்லாண்டுகள் காத்திருந்தது. நாடற்றவர் பிரச்சினை சட்டத்தில் முழுமையாகத் தீர்வதற்கு 2003வரை ஆனது. இலவச மருத்துவம் நாடெங்கும் வேரூன்றிய அந்த ஆண்டுகளில், தமக்கு ஒரு ஆஸ்பத்திரி வேண்டும் என்று கேட்கும் வாக்கு இவர்களிடம் இருக்கவில்லை. 1973, 1974இல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது தோட்டங்களில் இறப்பு வீதம் சட்டென்று ஏறியதும் இந்தப் பின்னணியில்தான். பெரும்பாலும் கூப்பன் அரிசியையும் மாவையும் நம்பியிருந்த, சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாத மக்கள் அவர்கள்.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசுடைமையாயின. அவற்றை நடத்த ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் என்ற இரண்டு அரச நிறுவனங்கள் வந்தன. தோட்டச் சுகாதாரத்துக்கு வெளிநாட்டு உதவிகள் வரத்தொடங்கின. தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவங்கள் திருத்தப்பட்டன, மருத்துவமாதுகள் நியமிக்கப்பட்டார்கள், சிசு மரணம் குறைந்தது. 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளுக்குப் போனது. காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது. தொழிலாளரின் வீடு, சுகாதாரம், நலன்புரி ஆகியவற்றைக் கவனிக்க அரசாங்கம், கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்த நிதியம் ஒன்று உருவானது. மலையகத்தில் எல்லோரும் ட்ரஸ்ட் என்று சொல்வது இதைத்தான். நல்ல வேலைகள் செய்த அமைப்பு அது. ஆனால் ஏற்கனவே இருந்த இரண்டு பொறுப்பாளிகளோடு மூன்றாவதாக ஒன்று சேர்ந்ததும் உண்மை.

இன்று ஒரு நோயாளி கடக்கவேண்டிய எல்லைகள்

இப்போதைய ஏற்பாடு இப்படி. தாய் சேய் பராமரிப்பு, தடுப்பூசி, தொற்றுநோய்க் கட்டுப்பாடு ஆகியவை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் வருகின்றன. பணிமனை மாகாண சபைக்குக் கீழ். தோட்டத்துக்குள் இருக்கும் டிஸ்பென்சரி கம்பனியுடையது, அங்கே இருப்பவர் தோட்ட வைத்திய உதவியாளர். சனங்கள் அவரை டாக்டர் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள், ஆனால் அவர் பட்டம் பெற்ற வைத்தியர் அல்ல. பல தோட்டங்களுக்கு ஒருவராக ஓடித் திரிபவர்களும் உண்டு. பக்கத்து டவுனில் உள்ள பிரதேச வைத்தியசாலையும் டிக்கோயா போன்ற ஆதார வைத்தியசாலையும் மாகாணத்துடையவை. பெரிய சத்திரசிகிச்சை என்றால் மத்திய அமைச்சின் கீழுள்ள கண்டிக்கோ பதுளைக்கோ போகவேண்டும். டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட 150 கட்டில் கொண்ட வைத்தியசாலையை 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் மோடி திறந்துவைத்தார். கட்டடம் அழகானது. ஆனால் கட்டடத்தோடு நிபுணர்களும் தாதியரும் மருந்தும் வருவது வேறொருவருடைய வரவுசெலவுத் திட்டத்தைப் பொறுத்தது.

பாதையின் கதை இன்னும் சிக்கலானது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட இடம் கொடுக்கவில்லை. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபை, அவர்களுடைய லயத்துக்குப் போகும் பாதைக்குக் கல் போடமுடியாது. குப்பை அள்ளமுடியாது. தண்ணீர்க் குழாய் பதிக்கமுடியாது. 2018இல்தான் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளாகத் தேங்கிய வேலை ஒரு திருத்தத்தால் முடிந்துவிடாது. ஊற்றுத் தண்ணீர், உடைந்த குழாய், பல குடும்பங்களுக்குப் பொதுவான மலசலகூடம் என்று இன்னும் பல டிவிசன்களில் நிலைமை அப்படியே இருக்கிறது. அடிக்கடி வயிற்றோட்டம் வரும் பிள்ளையின் உடம்பில் சாப்பிட்ட சாப்பாடு ஒட்டாது. உயரம் குன்றுவதற்குத் தாயின் சமையலை மட்டும் காரணமாக்குகிறவர்கள் இந்தத் தண்ணீரையும் ஒருமுறை பார்க்கவேண்டும்.

அவசர நோய்க்கு இந்த எல்லைகள் எவ்வளவு ஆபத்தானவை என்பதற்குக் குளவிக்கொட்டு ஒன்றே போதும். கொழுந்து மலையில் குளவி கலைந்து பத்துப் பதினைந்து பெண்களைக் கொட்டுவது மலையகத்துப் பத்திரிகைகளில் அடிக்கடி வரும் செய்தி. ஒவ்வாமை அதிர்ச்சி வந்தவருக்கு அட்ரினலின் ஊசி நிமிடக் கணக்கில் கிடைக்கவேண்டும். மலையிலிருந்து பெரிய ரோட்டுக்குத் தூக்கி வந்து, கிடைக்கிற வாகனத்தில் ஏற்றி, வளைவு வளைவாக டவுனுக்குப் போய்ச் சேர எடுக்கும் நேரம் அதைவிட மிக அதிகம். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கிப் பின்னர் நாடு முழுவதும் விரிந்தது. மலையகத்தில் எத்தனையோ உயிர்களை அது காப்பாற்றுகிறது. ஆனாலும் அம்புலன்ஸ் வரக்கூடிய பாதைவரை நோயாளியைக் கொண்டுவருவது இன்றும் சக தொழிலாளரின் தோளில்தான் இருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளியின்போது மண்சரிவுகளால் பாதைகள் துண்டிக்கப்பட்டதும் அந்தத் தோளும் உதவமுடியாமல் போன இடங்கள் உண்டு.

ஒரு நாள் பேர்

இவையெல்லாவற்றையும்விட அமைதியாக, அன்றாடம் நடக்கும் சேதம் கிளினிக்கில் இருக்கிறது. இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் சுகாதாரத் திட்டங்களில் இது அநேகமாக எழுதப்படுவதே இல்லை.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கான சம்பளத்தை ‘பேர்’ என்பார்கள். வேலைக்குப் போனால் செக்ரோலில், அதாவது வரவுப் பதிவேட்டில், பேர் விழும். குறித்த கிலோ பறிக்காவிட்டால் அரைப்பேர். வேலைக்குப் போகாவிட்டால் ஒன்றும் இல்லை. 2024இல் நாளாந்தச் சம்பளம் 1,350 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள ஐம்பது வயதுப் பெண்ணொருத்தியை எடுத்துக்கொள்வோம். மாதம் ஒருமுறை கிளினிக். விடியற்காலை எழும்பி, பஸ் கிடைக்காவிட்டால் ஆட்டோ பிடித்து, நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, டாக்டரைப் பார்த்து, மருந்துக்கு மறுபடி வரிசையில் நின்று, வீடு திரும்பப் பின்னேரமாகிவிடும். வைத்தியசாலை ஒரு சதமும் கேட்கவில்லை. ஆனால் அவளுக்கு ஒரு நாள் பேர் போய்விட்டது. ஆட்டோக் கூலியும் போய்விட்டது. மருந்து கையிருப்பில் இல்லை, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு எழுதிக் கொடுத்தால் அதுவும் சேரும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் அந்தத் துண்டு எவ்வளவு வழக்கமாகிவிட்டது என்பது எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு மாதம் போவாள். மூன்றாம் மாதம் கொழுந்து நிறைய இருக்கும், நல்ல கிலோ கிடைக்கும் காலம், போகமாட்டாள். மருந்து முடிந்துபோகும். கொஞ்ச நாள் சும்மா இருந்தும் ஒன்றும் செய்யவில்லையே என்று தோன்றும். சில ஆண்டுகளில் பக்கவாதமாகவோ சிறுநீரகக் கோளாறாகவோ திரும்பி வருவாள். கிளினிக் கொப்பியில் ‘ஒழுங்காக வருவதில்லை’ என்று எழுதப்பட்டிருக்கும். எழுதியவர் பொய் எழுதவில்லை, ஆனால் ஏன் வரவில்லை என்று எழுத அந்தக் கொப்பியில் இடமில்லை.

மாதச் சம்பளம் வாங்கும் அரசாங்க ஊழியர் கிளினிக்குக்குப் போனால் லீவு போடுவார், சம்பளம் குறையாது. நாட்கூலிக்காரருக்கு ஒவ்வொரு வருகையும் பணம். இலவசச் சேவை எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைக்கவில்லை என்பதே இதன் பொருள். ஆகவே மலையகத்தில் சுகாதார ஆய்வு செய்பவர்கள் நோயாளி வைத்தியருக்குக் கொடுத்த தொகையை மட்டும் கேட்டால் போதாது. அன்று இழந்த பேரையும் சேர்த்துக் கணக்கெடுக்கவேண்டும். சேர்த்தால், இலவசம் என்று நாம் நம்பும் பராமரிப்புத்தான் ஏழைக் குடும்பமொன்றின் பெரிய செலவுகளில் ஒன்றாகத் தெரியவரும்.

தாய்ப்பாலிலும் இதே கணக்குத்தான். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று ஒவ்வொரு கிளினிக்கிலும் சொல்கிறார்கள், சுவரிலும் எழுதியிருக்கிறது. மகப்பேற்று விடுமுறை 84 நாட்கள். மூன்றாவது பிள்ளைக்கும் அதற்கு மேலும் இதே விடுமுறை கிடைத்ததே 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடுதான். விடுமுறை முடிந்தபின் பிள்ளை பிள்ளைமடுவத்துக்குப் போகிறது, தாய் மலைக்குப் போகிறாள். பிள்ளைமடுவம் இருக்கும் இடத்தில், பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை பால் கொடுக்க நாளைக்கு இரண்டு முறை அரைமணி நேரம் சட்டப்படி உண்டு. நல்ல சட்டம். ஆனால் அன்றைக்குக் கொழுந்து எடுக்கும் மலை பிள்ளைமடுவத்திலிருந்து ஒன்றரை மைல் மேலே இருந்தால்? இறங்கி ஏறவே அரைமணி போதாது, கிலோவும் குறையும். அதனால் நான்காம் மாதத்திலேயே பால்மாவும் பிஸ்கட் கரைசலும் தொடங்கிவிடுகின்றன. அறிவுரை குறைவாக இருந்ததால் இது நடக்கவில்லை. நேரமும் தூரமும் பொருந்தாததால் நடந்தது.

எண்களுக்குள் மறைவது

மலையகச் சுகாதாரத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ‘பெருந்தோட்டத் துறை’ என்ற புள்ளிவிபரப் பிரிவையே எடுக்கிறார்கள், நானும் மேலே அதைத்தான் எடுத்தேன். அந்தப் பிரிவுக்கு ஒரு வரையறை உண்டு: 20 ஏக்கருக்குக் குறையாத, பத்துப் பேருக்குக் குறையாத தொழிலாளர் குடியிருக்கும் தோட்டங்கள். 2012 குடிசன மதிப்பில் நாட்டு மக்களில் 4.4 சதவீதத்தினர் இதற்குள் வந்தார்கள். தோட்டம் கைவிடப்பட்டாலோ துண்டாடப்பட்டாலோ அங்கே குடியிருப்பவர்கள் கிராமியத் துறைக்குள் போய்விடுவார்கள். லயம் அதே லயம், தண்ணீர் அதே தண்ணீர், எண் மட்டும் வேறு பெட்டிக்குள். மிகவும் மோசமாக விடப்பட்ட தோட்டங்களின் மக்கள் இப்படிக் கணக்கிலிருந்து நழுவக்கூடும்.

அளவுகோல் மாறினால் காட்சி எவ்வளவு மாறும் என்பதற்கு வறுமைக் கணக்கு நல்ல உதாரணம். 2016இல் பெருந்தோட்டத் துறையில் வறியவர்கள் 8.8 சதவீதம் என்றது அரசாங்கக் கணக்கு. வறுமைக் கோட்டைப் புதுப்பித்து 2019ஆம் ஆண்டின் தரவுகளைக் கணக்கிட்டபோது அது 33.8 சதவீதம். மூன்றே ஆண்டுகளில் அத்தனை பேர் வறியவராகிவிடவில்லை, முன்பு அவர்களைக் காணாமல் இருந்தோம்.

தோட்டத்தில் குடியிருப்பவர் எல்லோரும் தோட்டத்தில் வேலை செய்பவரும் அல்ல. இளையவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். முதியவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். தோட்ட டிஸ்பென்சரி உருவானது செக்ரோலில் பேர் உள்ளவருக்காக. பேர் இல்லாத இந்தப் பெரும்பகுதி கம்பனியின் கணக்கில் யாருடைய பொறுப்பும் அல்ல. சீனி வருத்தம், பிரஷர், வெற்றிலைப் பழக்கத்தோடு வரும் வாய்ப்புற்றுநோய், காற்றுப் போகாத பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் (லய அறையில்) விறகுப் புகையைச் சுவாசித்து வந்த நெஞ்சு வருத்தம் ஆகியவற்றோடு இருப்பவர்கள் பெரும்பாலும் இந்த முதியவர்கள்தான்.

மொழியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வைத்தியரும் தாதியரும் பெரும்பாலும் சிங்களம் பேசுபவர்கள். பலர் அன்பானவர்கள், உடைந்த தமிழில் கேட்டுப் புரிந்துகொள்ள முயல்பவர்கள். ஆனாலும் நெஞ்சுவலியா நெஞ்செரிவா என்று பிரித்துச் சொல்லமுடியாத இடத்தில் அன்பு மட்டும் போதாது. இதன் வேர் ஆஸ்பத்திரியில் இல்லை, பாடசாலையில் இருக்கிறது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் மலையகத்தில் குறைவு. விஞ்ஞானம் படிக்காத பிள்ளை வைத்தியராக வரமுடியாது, தாதியாக வருவதும் கடினம். மலையகத்துக்குத் தமிழ் பேசும் தாதியர் வேண்டும் என்று கேட்பவர்கள் நுவரெலியா மாவட்டத்துப் பௌதிகவியல், இரசாயனவியல் ஆசிரியர் வெற்றிடங்களையும் சேர்த்தே கேட்கவேண்டும்.

என்ன செய்து பார்க்கலாம்

சில வழிகள் ஏற்கனவே கண்முன் இருக்கின்றன. 2020 முடக்க காலத்தில் அரச வைத்தியசாலைகளின் கிளினிக் மருந்துகளைத் தபாலில் வீடுகளுக்கு அனுப்பும் ஏற்பாடு செய்யப்பட்டது. நிலையாக இருக்கும் நோயாளி மாதாமாதம் வரிசையில் நிற்கவேண்டியதில்லை என்று அரசாங்கமே அப்போது ஒப்புக்கொண்டது. மலையகத்தில் அதற்கு ஒரு தடை: லயத்துக்குத் தனி முகவரி கிடையாது, கடிதங்கள் பெரும்பாலும் தோட்டத்து ஒபீசுக்கு வந்து அங்கிருந்துதான் கைமாறும். வீட்டுக்கு முகவரி கொடுப்பதும் ஒரு சுகாதார வேலைதான் என்று நினைக்கிறேன். இரத்தப் பரிசோதனை முடிவும் அடுத்த கிளினிக் திகதியும் நேரே கைக்கு வந்து சேர அதுதான் வழி.

தடுப்பூசிக்குச் செய்ததைச் சீனி வருத்தத்துக்கும் செய்யலாம். வைத்தியரும் மருந்தும் மாதம் ஒருநாள் தோட்டத்துக்கு வந்தால், காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்திலோ பிள்ளைமடுவத்திலோ கொழுந்து நிறுவை முடிந்த பிறகு பின்னேரத்தில் கிளினிக் நடத்தினால், எத்தனை பேர் தொடர்ந்து வருகிறார்கள் என்று அளந்து பார்க்கலாம். கிளினிக் நாளுக்கு அரைப்பேராவது கொடுக்கும் ஏற்பாட்டைச் சில தோட்டங்களில் மட்டும் தொடங்கி, அப்படிச் செய்யாத தோட்டங்களோடு ஒப்பிடலாம். மலையகத்துக்கு வேண்டிய ஆய்வு இந்த மாதிரியானது. உயரம் குன்றிய பிள்ளைகளை மறுபடி மறுபடி எண்ணுவதைவிட, எந்த ஏற்பாடு எதை மாற்றுகிறது என்று காட்டும் ஆய்வுகளே கொள்கை வகுப்பவரின் மேசைக்குப் போகவேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் விடயம். 1990களிலிருந்து பேசப்பட்டு, சில ஏற்கப்பட்டு, மற்றவை கம்பனியிடமே இருக்கின்றன. கையளிப்பது என்றால் வெறும் சாவியைக் கொடுப்பதல்ல. கட்டடம் நிற்கும் காணி அரசாங்கத்துடையதானாலும் 53 ஆண்டுக் குத்தகையில் கம்பனியிடம் இருக்கிறது, அதை விடுவிக்கவேண்டும். வைத்தியர் தங்குவதற்கு வீடு வேண்டும். மாகாண சபையின் ஆளணிப் பட்டியலில் புதிய பதவிகள் அங்கீகரிக்கப்படவேண்டும், அதற்கு நிதி ஆணைக்குழுவிலிருந்து பணம் வரவேண்டும். அப்புறம், இவ்வளவு காலம் இராப்பகலாகக் கதவைத் தட்டினால் எழும்பி வந்த தோட்ட வைத்திய உதவியாளர்களை என்ன செய்வது? அவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, நோயாளியைத் தேடிப் போய்ப் பின்தொடரும் பணியாளராக அரச சேவைக்குள் எடுக்கலாம். லயத்து மக்களை வீடு வீடாக அறிந்த, தமிழ் பேசும், ஏற்கனவே மலையிலேயே வாழும் ஆட்கள் அவர்கள். புதிதாக நியமிக்கும் எவரும் அந்த அறிவைப் பெறப் பல ஆண்டுகளாகும். ஓய்வு பெறும் வயதை நெருங்கும் பலர் அவர்களில் இருப்பதால், இந்த முடிவுக்குக் கால அவகாசம் அதிகம் இல்லை.